மண்வெட்டிக்கு மரப்பிடியா, இரும்புப் பிடியா?

வாரச் சந்தையிலாயினும், சிற்றூர்க் கடைவீதியிலுள்ள இரும்புக் கடையிலாயினும், வாசலை ஒட்டிச் சாத்தி வைத்திருக்கும் மண்வெட்டிகளை ஒரு நிமிஷம் நின்று பார்ப்பவர்களுக்கு, அண்மைக் காலத்தில் அவற்றில் நேர்ந்திருக்கும் ஒரு மாறுதல் கண்ணில் படாமற் போகாது. முன்பெல்லாம் மண்வெட்டி என்று கடையில் விற்றது பெரும்பாலும் இலை மாத்திரந்தான். அதற்கு வேண்டிய பிடியைக் கடை ஓரத்தில் கட்டாகக் கட்டி வைத்த கம்புகளில் பொறுக்கி எடுத்துக்கொள்வதோ, கொல்லையில் நிற்கும் மரத்தில் முன்னமேயே கண் வைத்திருந்த கிளையைத் தறித்துச் செதுக்கிக்கொள்வதோ வாங்குகிறவருடைய பொறுப்பு. இன்றோ, இலையோடு சேர்த்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்ப் பிடியும், அதன்மேல் பளபளக்கும் வர்ணமும், கைப்பக்கத்து முனையில் ஒரு பிளாஸ்டிக் மூடியுமாக, வாங்கிய கையோடு வரப்புக்குப் போய்விடலாம் என்ற தோற்றத்தில் முழு மண்வெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. மரப்பிடி போட்டவையும் பக்கத்திலேயே இருக்கின்றன. எதை எடுப்பது என்று கேட்டால் கடைக்காரர், "குழாய்னா உடையாதுங்க, மரம்னா கைக்கு நல்லாயிருக்கும்" என்று இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். அந்தத் தீர்ப்புப் பொய்யல்ல. ஆனால் அதன் இரண்டு பாதிகளிலும் சொல்லாமல் விட்ட விஷயங்கள் மிகுதி.

தெற்கத்திச் சீமையில் கணையென்றும், வேறு சில இடங்களில் காம்பென்றும் வழங்கும் இந்தப் பிடிக்கு நம்மிடையே தெய்வ சம்பந்தம்கூட உண்டு. பிட்டுக்கு மண் சுமக்க வைகைக் கரைக்கு வந்த சொக்கநாதர் கூடையோடு மண்வெட்டியும் கொண்டு வந்ததாகவே புராணம் சொல்லுகிறது. திருநாவுக்கரசர் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய உழவாரத்தைத் தோளில் சாத்திய கோலத்திலேயே அவருடைய செப்புத் திருமேனிகள் அமைந்திருக்கின்றன. அவற்றில் உழவாரத்தின் காம்பும் உலோகமாகவே இருப்பதைப் பார்க்கலாம். உலோகக் காம்பைப் பற்றி ஒருவரும் குறை கூற இடமில்லாதது அந்த ஓர் இடத்தில்தான்.

இரும்பை உருக்கி இலை செய்யத் தெரிந்த காலம் முதலே நம்மவர் பிடிக்கு மரத்தையே நாடினர். ஆதிச்சநல்லூரில் 1899-ஆம் ஆண்டு முதல் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் தோண்டிப் பார்த்தபோது, தாழிகளோடு இரும்புக் கருவிகள் துருவேறிய நிலையிலேனும் அகப்பட்டன. அவற்றைப் பிடித்திருந்த மரமோ பெரும்பாலும் மண்ணோடு மண்ணாய்ப் போயிருந்தது. இரும்பு அருமையாக இருந்த அந்தக் காலத்தில் பிடிக்கும் இரும்பைச் செலவிடுவதென்பது நினைத்துப் பார்க்கவும் முடியாத ஆடம்பரம் என்பது வாஸ்தவம். ஆனால் ஆலைகள் பெருகி, குழாய் மலிந்து, பற்றவைக்கும் பட்டறை ஊருக்கு ஒன்றாக வந்துவிட்ட பிறகும், தன் கைக்காகத் தானே வாங்குகிற விவசாயி மரப்பிடியை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைப் பார்க்கும்போது, சிக்கனத்துக்கு அப்பாலும் இதில் ஏதோ காரணம் இருக்கவேண்டும் என்று கொள்ளவேண்டியிருக்கிறது.

அந்தக் காரணத்தை அறிய, மண்வெட்டியால் நாம் செய்கிற வேலைகளை முதலில் பிரித்துப் பார்ப்பது நலம். தலைக்கு மேலோ தோளுக்கு மேலோ ஓங்கி, இலையை மண்ணில் இறக்குவது ஒரு வேலை. இறங்கிய இலையைத் தன் பக்கமாக இழுத்து மண்ணைப் பெயர்ப்பது வேறொரு வேலை. முன்னதில் கருவி வேகத்தைச் சுமக்கிறது. பின்னதில் நெம்புகோலாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. வேகத்தைச் சுமப்பது இலேசாகவும், அடியை வாங்கிக்கொண்டு தணிப்பதாகவும் இருக்கவேண்டும்; பாரத்தைத் தாங்குவது வளையாததாக இருக்கவேண்டும். ஒரே பிடி இரண்டையும் செய்யவேண்டியிருப்பதால்தான் இவ்வளவு விவாதமும் எழுகிறது.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். சுமார் 75 சென்டிமீட்டர் நீளமும், உள்ளங்கை நிறையும்படி 3.8 சென்டிமீட்டர் கனமுமுள்ள உருட்டான மரப்பிடி ஒன்று, நன்கு காய்ந்த கனத்த மரமானால், ஏறத்தாழ 650 முதல் 700 கிராம் வரை இருக்கும். அதே நீளத்தில் 32 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2 மில்லிமீட்டர் தகட்டுக் கனமும் உள்ள இரும்புக் குழாய் சுமார் 1,100 கிராம் வரும். தகட்டை 1.2 மில்லிமீட்டராகக் குறைத்தால் குழாயின் எடை மரத்துக்குச் சமானமாகிவிடும். ஆனால் அத்தனை மெல்லிய குழாய் ஒரு கல்லில் பக்கவாட்டாக மோதினாலும் பள்ளம் விழுந்து, பள்ளம் விழுந்த இடத்திலேயே மடங்கிப்போகும். இனி, ஒருவர் நிமிஷத்துக்கு இருபது முறை ஓங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 1,200 முறை ஆயிற்று. கனத்த குழாயின் அதிகப்படி எடையான 400 கிராமை இதனால் பெருக்கினால் 480 கிலோ வருகிறது. கையருகே இருக்கும் பகுதி இலையருகே இருக்கும் பகுதியளவு உயர்வதில்லை என்பதற்காகப் பாதியைத் தள்ளினாலும், மணிக்கு 240 கிலோவைப் பிரயோஜனமில்லாமல் தூக்கி இறக்கியதாகிறது. இலையில் இருக்கும் எடை மண்ணைப் பிளக்கிறது. பிடியில் இருக்கும் எடையால் முதுகுதான் பிளக்கிறது.

அடுத்தது அதிர்ச்சி. வண்டல் நிலத்தில் மாத்திரம் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டாகத் தோன்றாது. செம்மண் கரட்டிலும், சரளைக் காட்டிலும், சுண்ணாம்புப் பாறை தலைகாட்டும் மேட்டு நிலத்திலும் வெட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும். இலை ஒரு கல்லில் பட்டவுடன் எழும் நடுக்கம் பிடி வழியாகக் கைக்கு வருகிறது. எஃகு அந்த நடுக்கத்தைத் தனக்குள் ஜீரணிப்பது மிக அற்பம். மணியடித்தாற்போல அதை முழுவதும் முழங்கைக்கு அனுப்பிவிடும். மரத்தின் இழைகளோ ஒன்றோடொன்று உராய்ந்து அதில் பல மடங்கு அதிகமான பங்கை உள்ளேயே தணித்துவிடுகின்றன. அன்றியும், நீளவாக்கில் மரத்தைப்போலப் பதினைந்து மடங்கு விறைப்பு எஃகுக்கு உண்டு. நெம்பும்போது குணமாக இருக்கும் அதே விறைப்பு, கல்லில் படும்போது தோஷமாக மாறுகிறது. அந்தி சாயும் வேளையில் கை மரத்துப்போய் விரல் மடங்காமல் நிற்பதற்குக் கல் பாதி காரணம் என்றால் பிடி பாதி காரணம்.

வெயிலைப் பற்றி நம் நாட்டில் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. கரூரிலும் வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி சர்வ சாதாரணம். வரப்பில் போட்டுவிட்டுக் கஞ்சி குடிக்கப்போன மண்வெட்டி திரும்பி வரும்போது அதைவிடப் பலமாகச் சூடேறியிருக்கும். மரப்பிடியும்தான் சூடேறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் மரத்தைப்போல ஏறக்குறைய முந்நூறு மடங்கு விரைவில் எஃகு வெப்பத்தைக் கடத்துவதால், மரப்பிடி தன் மேற்பரப்பிலுள்ள சிறிது சூட்டை மாத்திரம் கைக்குக் கொடுத்து நின்றுவிடுகிறது. குழாயோ உள்ளதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறது. மார்கழி விடியலில் இதுவே தலைகீழாகிக் கைச்சூட்டை உறிஞ்சும். இந்தச் சங்கடத்துக்காகவே குழாய்ப் பிடிக்காரர்கள் அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்கிறார்கள். அது சூட்டைத் தடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் வேர்வையை உறிஞ்சாத ரப்பர் உள்ளங்கையை ஊறவைத்து, ஊறிய தோலில் சீக்கிரமே கொப்புளம் எழும்பச் செய்கிறது. வர்ணமோ வார்னிஷோ தடவி வழவழப்பாக்கிய மரப்பிடியும் இதே குற்றத்தைச் செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் கண்ணைக் கவரும் மினுக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் மரத்தில் எண்ணெய் தேய்த்துப் பழக்குவதே அநுபவசாலிகள் செய்வது.

இவ்வளவு சொன்னபின் மரத்தின் பக்கமே தீர்ப்பு எழுதிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் எந்த மரம் என்று கேட்டவுடனே விஷயம் கடினமாகிவிடுகிறது. மரப்பிடிக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பகுதி மரத்தினால் வந்ததன்று, கண்ட கட்டையையும் பிடியென்று விற்பதனால் வந்தது.

நம் பக்கத்தில் பழைய ஆட்கள் முதலில் சொல்லுவது கருவேல மரத்தை. வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் உழைத்த அந்த மரம் கனமும் உறுதியும் உடையது, அடியைத் தாங்கும், வைரம் பாய்ந்த பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளில் வளரும் தடசு இன்னும் ஒருபடி மேல் என்று சொல்லலாம். வளைந்து கொடுத்து மறுபடி நிமிரும் சுபாவம் அதற்கு விசேஷமாக உண்டாகையால், கருவிப் பிடிகளுக்கும் படகுத் துடுப்புகளுக்கும் அது நெடுநாளாகப் பேர்போனது. உள்ளே பொள்ளல் இல்லாத கல்மூங்கிலும் பல இடங்களில் பிடியாகிறது. எடைக்கு எடை பார்த்தால் அதன் வலிமையை வேறெதுவும் எளிதில் எட்டாது. ஆனால் அதன் கணுக்களைச் செம்மையாகச் சீவாவிட்டால் கையைப் பதம் பார்க்கும். தேக்கைப் பற்றி நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. கதவுக்கும் கட்டிலுக்கும் அதற்கு நிகரில்லை. வெயிலிலும் மழையிலும் கோணாது. ஆயினும் திடீரென்று விழும் அடியைத் தாங்குவதில் அது கருவேலுக்கும் தடசுக்கும் கீழேதான். விலை கொடுத்துத் தேக்குப் பிடி போட்டுக்கொள்கிறவர் பெருமையை வாங்குகிறாரேயொழிய வேறொன்றையும் வாங்குவதில்லை. ஊரெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல் உறுதியில் சோடையில்லை. ஆனால் முக்கால் கெஜத்துக்குக் கோணாமல் நிற்கும் ஒரு கிளையை அதில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வெட்டவேண்டிய வாய்க்காலை வெட்டி முடித்துவிடலாம்.

கடையில் கட்டாக வரும் மலிவுப் பிடிகள் சவுக்கு, தைலமரம் போன்றவற்றின் இளங்கம்புகளாகவே பெரும்பாலும் இருக்கின்றன. கம்பை அப்படியே உருட்டாகப் பட்டை சீவிச் செய்த பிடியில், மரத்தின் நடுத்தண்டு பிடியின் நடுவிலேயே ஓடும். காயும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். வட்டவாக்கில் சுருங்குவது நடுவிலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே நடுத்தண்டைச் சுற்றியுள்ள மரம் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல் நீளமாக வெடிக்கிறது. பருத்த மரத்தைப் பிளந்து, நடுவைத் தவிர்த்து எடுத்த துண்டில் செதுக்கிய பிடிக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. முனையைப் பார்த்து நடுவில் புள்ளியும் அதைச் சுற்றி வளையங்களும் தெரிந்தால், அந்தப் பிடியைத் திரும்பக் கட்டிலேயே செருகிவிடுவது புத்திசாலித்தனம்.

அதற்கும் மேலாகப் பார்க்கவேண்டியது இழை. ஒரு பிடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால், மெல்லிய கோடுகளாக இழைகள் ஓடுவது தெரியும். அவை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பிடியோடு இணையாகவே போனால், மரம் தன் முழு வலிமையோடு நிற்கிறது. பத்து அங்குல நீளத்துக்குள் இழை ஓர் அங்குலம் பக்கவாட்டில் விலகினால், வளைக்கும்போது தாங்கும் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஐந்து அங்குலத்துக்கு ஓர் அங்குலம் விலகினால் ஏறக்குறைய பாதி போயிற்று. திடீர் அடியைத் தாங்கும் சக்தியோ அந்த நிலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிச்சம். ஒரே மரத்திலிருந்து, ஒரே கனத்தில், ஒரே நாளில் செய்த இரண்டு பிடிகளில் ஒன்று பத்து வருஷம் உழைப்பதும் மற்றொன்று முதல் மழைக்கே முறிவதும் எதனால் என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை. இரும்புக் குழாயில் இந்தப் பரீட்சை தேவையில்லை என்பதை அதன் சாதகமாகவே எழுதிக்கொள்ளவேண்டும். எந்தக் குழாயும் தன் கூட்டத்திலுள்ள மற்றொரு குழாயைப் போன்றதே.

வைரம் பாயாத வெளிமரம் வெளுப்பாகத் தெரியும். அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடியே வண்டுகள் வந்து துளைத்து, பிடியை உளுத்துப்போகச் செய்கின்றன. தேய்பிறையில் வெட்டிய மரத்தை வண்டு அரிக்காது என்பது நம் பெரியவர்களின் கட்சி. அதன் உண்மையைச் சந்திரன்தான் சொல்லவேண்டும். வெட்டிய கட்டையைச் சில வாரம் குளத்தில் ஊறப்போட்டு, மாவுச்சத்துக் கரைந்துபோன பிறகு நிழலில் உலர்த்திய அவர்களுடைய வழக்கத்துக்கோ சந்திரனுடைய சாட்சியம் வேண்டியதில்லை.

மரப்பிடியின் நித்திய வியாதி, இலையின் வளையத்துக்குள் அது ஆட்டங்காண்பது. பச்சை மரத்தில் செய்த பிடி இரண்டு மாதத்தில் உலர்ந்து சுருங்குவதும், ஓங்கிய வேகத்தில் இலை கழன்று பின்னால் பறப்பதும் உயிருக்கே உலை வைக்கக்கூடிய விஷயம். இதற்கு எல்லோரும் செய்யும் சிகிச்சை, இரவு முழுவதும் மண்வெட்டியை வாய்க்கால் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பது. காலையில் எடுக்கும்போது இலை இறுகித்தான் இருக்கும். ஆனால் நடந்தது என்னவென்றால், தண்ணீர் குடித்து உப்ப முயன்ற மரத்துக்கு இரும்பு வளையம் இடங்கொடுக்காமையால், அதன் நுண்ணறைகள் நசுங்கிப்போயின. மறுபடி உலரும்போது, நசுங்கிய மரம் முன்னிருந்ததைவிடச் சிறுத்துவிடுகிறது. நாள்தோறும் ஊறவைப்பவருடைய மண்வெட்டி நாள்தோறும் ஊறவைத்தே தீரவேண்டியதாக ஆவதன் ரகசியம் இதுதான். நன்றாக உலர்ந்த பிடியை எடுத்து, முனையில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, வளையத்தில் இறுக நுழைத்தபின் அந்தக் கீறலில் உலர்ந்த மர ஆப்பு ஒன்றை அடித்து இறக்குவதே முறையான வைத்தியம். ஆணியை அடித்துச் சமாளிப்பவர்கள், மரத்தைப் பிளப்பதற்கு வேண்டிய முதல் காரியத்தைத் தாங்களே செய்துவைக்கிறார்கள்.

இரும்புக்கு உரிய மரியாதையையும் செய்துவிடுவோம். குழாய்ப் பிடி சுருங்குவதில்லை, உப்புவதில்லை, கறையானுக்கும் வண்டுக்கும் அஞ்சுவதில்லை, மாதக்கணக்கில் மூலையில் கிடந்துவிட்டு அழைத்தவுடன் எழுந்து வரும். வருஷத்துக்கு நாலு நாள் தென்னை மரத்துக்குப் பாத்தி கட்டுவதற்கும், வீட்டு முன்னால் தேங்கும் மழைத் தண்ணீருக்கு வழிவெட்டுவதற்கும் மண்வெட்டி வைத்திருக்கும் நகரவாசிக்கு இதைவிடச் சௌகரியமானது வேறில்லை. நல்ல மரமும், அதைச் செதுக்கத் தெரிந்த ஆசாரியும் அருகிவரும் ஊர்களில், கோணல் இழையோடிய மரப்பிடியைக் காட்டிலும் ஒழுங்கான குழாய் எவ்வளவோ மேல். வயலில் தண்ணீர் கட்டுகிறவர் இலையை ஓங்குவதைவிட மடையைத் திறப்பதும் அடைப்பதுமாகவே பொழுதைக் கழிப்பதால், அவருக்கும் குழாயினால் பெரிய கஷ்டம் நேராது.

ஆனால் உடையாது என்ற பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. குழாய் உடைவதில்லையாயினும் குழாயும் இலையும் சேரும் பற்று உடைகிறது. மண் வெட்டுவதற்கு இலையின் எஃகு கடினமாக இருக்கவேண்டும். அத்தகைய எஃகைப் பற்றவைக்கும்போது பற்றின் ஓரத்திலுள்ள பகுதி சூடேறித் திடீரென்று குளிர்ந்து நொறுங்குந்தன்மை அடைந்துவிடுகிறது. ஒவ்வோர் அடியிலும் பாரம் முழுவதும் வந்து சேருவதும் அங்கேதான். மயிரிழை போன்ற வெடிப்பு வர்ணத்துக்கு அடியில் மெல்ல வளர்வது கண்ணுக்குத் தெரியாது. மரம் முறியுமுன் பெரும்பாலும் சிராய் எழுப்பியும் முனகியும் முன்னறிவிப்புக் கொடுக்கும். பற்று விடுவதோ சொல்லாமற் கொள்ளாமல் நேரும். அதோடு, கைப்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடி கழன்று தொலைந்த நாளிலிருந்து சேறும் தண்ணீரும் குழாய்க்குள் புகுந்து, வெளியே வர்ணம் பளபளக்க உள்ளே துரு தின்னத் தொடங்கும். யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் மண்வெட்டியைச் சாத்திவைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இது இன்னும் துரிதமாக நடைபெறும். முறிந்த மரப்பிடிக்குப் பதிலாக வேறொன்றை அரைமணியில் மாட்டிக்கொள்ளலாம். பற்று விட்ட மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடக்கவேண்டும், நடந்தாலும் பழைய உறுதி திரும்புவதில்லை.

இரும்பே பிடியாக இருக்கவேண்டிய கருவியும் நம்மிடம் இல்லாமலில்லை. கடப்பாரை நுனி முதல் அடிவரை ஒரே இரும்பு. அதற்கு யாரும் மரக்காம்பு போட நினைத்ததில்லை; அதன் எடையே அதன் வேலை, வேரையும் கல்லையும் நெம்பும்போது வளையாமல் நிற்பதே அதன் தர்மம். இங்கிலாந்து முதலான தேசங்களில் காலால் மிதித்து இறக்கும் நேர்மண்வெட்டி வழக்கத்தில் இருக்கிறது. நம்முடையதைப்போல அதை ஓங்குவதில்லை, மிதித்து நெம்புவதே பெரும்பாலும். அப்படியிருந்தும் அங்கே வெகுகாலமாக ஆஷ் என்னும் மரத்தையும், அமெரிக்காவில் ஹிக்கரி என்னும் மரத்தையும் பிடிக்கு உகந்தவையாகக் கொண்டாடி வந்திருக்கிறார்கள். முழு எஃகில் செய்தவற்றை மரவேர் நிறைந்த இடங்களிலும் கடுங்களிமண்ணிலும் வேலை செய்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். நெம்புகிற வேலைக்கு இரும்பு, ஓங்குகிற வேலைக்கு மரம் என்று நான் கொண்டிருக்கும் அபிப்பிராயத்துக்கு அந்நிய தேசத்து அநுபவமும் மாறுபடவில்லை. கண்ணாடி இழையில் வார்த்த பிடிகளும் இப்போது வருகின்றன, இலேசானவை, துருவேறாதவை. நம் வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்து மேற்பூச்சுத் தேய்ந்தால் அவற்றின் நுண்ணிழைகள் உள்ளங்கையில் ஏறி அரிப்பெடுக்கும் என்பதை மாத்திரம் வாங்குபவர் நினைவில் வைப்பது நல்லது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறவர்கள் பூமிக்கடியில் ஓடும் மின்கம்பியை வெட்டிவிடும் அபாயம் உண்டு. அங்கே உலோகப் பிடி நேரே யமனுக்குத் தூது போகும். உலர்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்துவது அற்பமேயாயினும், ஈரமரத்தை நம்பி அத்தகைய இடத்தில் ஓங்குவதும் மடமையே. கம்பி போகும் வழியை விசாரித்தறிந்து இணைப்பைத் துண்டித்தபின் வெட்டுவதே முறை.

மரமா இரும்பா என்ற விவாதத்தின் ஆரவாரத்தில் எல்லோரும் மறந்துபோகும் ஒன்று, பிடியின் நீளம். உண்மையில் உடம்புக்கு நேரும் நன்மை தீமைகளில் பொருளைவிட அளவுக்கே பங்கு அதிகமென்று துணிந்து சொல்லலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், கீரை வயல்களில் களையெடுக்கவும் கலைத்து விடவும் இரண்டடிக்கும் குட்டையான பிடி போட்ட கொத்து ஒன்றைத் தொழிலாளர் கையில் கொடுத்து வந்தார்கள். நாள் முழுவதும் இடுப்பை மடித்தே நிற்கவேண்டும். பிடி குட்டையாயிருந்தால்தான் பயிருக்குச் சேதமில்லாமல் நுட்பமாக வேலை செய்யமுடியும் என்பது முதலாளிகள் சொன்ன நியாயம். நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்பது தூரத்திலிருந்தே மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும் என்பது சொல்லாத நியாயம். முதுகெலும்பு தேய்ந்து நொந்துபோன தொழிலாளர்கள் வழக்காடினார்கள். 1975-ஆம் ஆண்டில் அம்மாகாணத்தின் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளிக்க, அந்தக் குட்டைப் பிடி தடைசெய்யப்பட்டது. நீண்ட பிடி வந்தபின் பயிர்த்தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை. ஒரு பிடியின் நீளத்துக்காக நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது என்ற செய்தி, அதை அற்பமென்று எண்ணுகிறவர்களுக்குச் சற்று யோசனையைக் கொடுக்கும்.

நம் கடைகளில் குழாய்ப் பிடி போட்ட மண்வெட்டிகள் ஆலையில் குறித்த ஒரே அளவில் வருகின்றன. ஆறடி ஆளுக்கும் ஐந்தடிக்குக் குறைந்த பெண்மணிக்கும் அதே நீளம், அதே கனம். மரப்பிடியைத் தன் உயரத்துக்கு அறுத்துக்கொள்ளவும், தன் கைக்குத் தக்கபடி சீவிக்கொள்ளவும் முடியும். விரல்கள் வளைந்து கட்டைவிரலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் கனமே பிடிக்குப் பொருத்தம். அதைவிடப் பருத்தால் பற்றுவதற்கே பாதிப் பலம் செலவாகும், மெலிந்தால் கைக்குள் சுழலும். நூறு நாள் வேலைக்குத் தங்கள் சொந்த மண்வெட்டியோடு வருகிற பெண்களில், கண்ணாடிச் சில்லால் சுரண்டி மெலிதாக்கிய மரப்பிடியைப் பிறருக்கு இரவல் கொடுக்க மறுப்பவர்கள் உண்டு. அது கஞ்சத்தனமன்று.

ஆகவே, நாள்தோறும் ஓங்கி வெட்டுகிறவருக்கு, நேரிழையோடிய, உலர்ந்த, வைரம் பாய்ந்த மரப்பிடியே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்போதாவது எடுப்பவருக்கும், நல்ல மரம் அகப்படாத ஊரில் இருப்பவருக்கும் தகட்டுக் கனம் குறையாத குழாய் போதும். வீட்டுக்கு வாங்குகிறவர் எதை வாங்கினாலும் அதன் பலனை அவரே அநுபவிக்கிறார். பத்தும் இருபதுமாகச் சேர்த்து வாங்கும் ஒப்பந்தக்காரர்கள், தோட்டத்து உரிமையாளர்கள், ஊராட்சி அலுவலர்கள் ஆகியோர் விஷயத்தில் அப்படியில்லை. கணக்கில் குழாய் நீடித்து உழைப்பதாகத் தெரிகிறது, கை காய்ப்பதும் முதுகு நோவதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவர்கள் அடுத்த முறை இரும்புக் கடைக்குப் போகும்போது, அந்த மண்வெட்டியைப் பிடித்து வெட்டப்போகும் ஆட்களில் இரண்டு பேரையாவது உடன் அழைத்துச் சென்று, கடை வாசலிலேயே நாலு முறை ஓங்கிப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொல்லுகிறதை வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.